ஓட்டத்தில் பிள்ளையின் கையை விடுங்கள்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு காலை நடக்கும் குடும்ப ஓட்டங்களில், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும் அப்பா ஒருவராவது இருப்பார். நானும் அப்படித்தான் ஓடினேன். பாதியிலேயே மகள் கையை உதறிவிட்டு நின்றுவிட்டாள்.

அடுத்த முறை, முந்தின இரவே எல்லாவற்றையும் அவளிடம் விட்டேன். பிப் நம்பரை, அதாவது ஓடுபவரின் எண் அச்சிட்ட தாளை, அவளே டீ-ஷர்ட்டில் வைத்து நாலு மூலையிலும் ஊக்கு குத்தினாள். சட்டைக்குள் ஒரு நோட்டு அட்டையைச் செருகிவிட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து மாட்டாது. கொஞ்சம் கோணல்தான், நான் தொடவில்லை. பிப்பின் பின்னால் என் செல் நம்பரை பால்பாயின்ட் பேனாவில் எழுதினாள். மைப்பேனா வேண்டாம், வியர்வையில் கரைந்துவிடும்.

கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே நிற்பது என்பதையும் பிள்ளையே சொல்லட்டும். "முடிகிற இடத்தில்" என்றால் சரிவராது, கூட்டம் அங்கேதான் நெரியும். மகள் தேர்ந்தெடுத்தது அந்தக் கடற்கரையிலேயே இருக்கும் ஷ்மிட் நினைவு மண்டபம். வெள்ளையாக, தூரத்திலிருந்தே தெரியும்.

அப்புறம், கடைசி வரிசையில் நில்லுங்கள். விசில் அடித்ததும் பிள்ளைகள் பாய்வார்கள், 200 மீட்டரில் மூச்சு வாங்கும். நடக்கட்டும். "ஓடு, ஓடு" என்று கத்தாமல், பார்வையில் படும்படி இருபது அடி பின்னால் போனால் போதும். ஐந்தாறு வயதுக்குக் கீழ் என்றால் பக்கத்திலேயே போங்கள்.

மெடலையும் அவர்களே வாங்கிக்கொள்ளட்டும். போட்டோ அப்புறம் எடுக்கலாம்.