கூப்பனுக்காகக் கூடையை நிரப்பாதீர்கள்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது 640 ரூபாய் மளிகைதான். செயலியைத் திறந்ததும் ஒரு கூப்பன் வந்தது: 999 ரூபாய்க்கு வாங்கினால் 150 ரூபாய் தள்ளுபடி. நூடுல்ஸ், பிஸ்கட், இன்னொரு ஷாம்பு என்று 359 ரூபாய்க்குச் சேர்த்து, 849 ரூபாய் கட்டினேன். 150 ரூபாய் மிச்சம் என்றுதான் அப்போது தோன்றியது. ஆனால் நான் கூடுதலாகச் செலவழித்தது 209 ரூபாய்.

கூப்பனைப் பார்த்துவிட்டு மளிகைச் சீட்டு எழுதுவதுதான் பெரிய தவறு. முதலில் சீட்டு, அப்புறம் கூப்பன். தொகை கொஞ்சம் குறைந்தால் அடுத்த மாதத்துக்கான துவரம் பருப்பையோ எண்ணெயையோ சேர்க்கலாம். எப்படியும் வாங்கப் போவதுதானே. வண்டு பிடிக்காமல் வைக்க வசதியிருந்தால் மட்டும்.

'20 சதவீதம் தள்ளுபடி' என்பதன் கீழே பொடி எழுத்தில் 'அதிகபட்சம் 100 ரூபாய்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 500 ரூபாய் வரைக்கும்தான் அது 20 சதவீதம். 1,500 ரூபாய் பில்லில் 7 சதவீதம்கூடத் தேறாது.

தள்ளுபடியை எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள் என்பதும் முக்கியம். எம்.ஆர்.பி.யில் 15 சதவீதம் குறைத்த பருப்பைவிட, தெருமுனை அண்ணாச்சி கடையில் சில்லறையாக நிறுத்துத் தரும் பருப்பு மலிவாக இருக்கலாம். பாக்கெட்டிலேயே ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிட்டிருப்பார்கள். எம்.ஆர்.பி.க்கு அருகில் தேடுங்கள். இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பணம் கட்டும் திரையில்தான் டெலிவரி கட்டணமும் மற்ற கட்டணங்களும் முளைக்கும். அவற்றையும் கூட்டிய பிறகே கூப்பனால் லாபமா என்று முடிவு செய்யுங்கள். கட்டணத்தைக் கடைசிவரை மறைப்பது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, 'இன்னும் 5 நிமிடம்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி தடை செய்யப்பட்டவை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் 'சுரண்டிப் பாருங்கள், 500 ரூபாய் பரிசு' கூப்பன்களைத் தொடவே வேண்டாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால், பணம் போகப்போவது உங்கள் கணக்கிலிருந்துதான். வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.