மகள் துப்பிய முட்டை

ஆறு மாதம் முடிந்ததும் வேகவைத்த மஞ்சள் கருவை மசித்துக் கொடுத்தேன். மாவு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டாள். தாய்ப்பாலைக் கொஞ்சம் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்ததும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள்.

அப்புறம் வெள்ளைக்கரு. "ஒரு வயசு ஆகட்டும்மா" என்றார் அத்தை. தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்பதற்கு ஆதாரமில்லை என்று மருத்துவர் சொன்னார். (தோலில் கரப்பான் அதிகமுள்ள குழந்தை என்றால் கேட்டுவிட்டே கொடுங்கள்.) நன்றாக வெந்ததில் துளி எடுத்து, பருப்புச் சாதத்தோடு காலையில் ஊட்டினேன், தடிப்போ வாந்தியோ வந்தால் பகலிலேயே தெரியுமே! ஒன்றும் வரவில்லை. அரைவேக்காடு மட்டும் கூடவே கூடாது.

ஈக்வடாரில் தினம் ஒரு முட்டை சாப்பிட்ட குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு நன்றாகவே குறைந்ததாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஏற்கெனவே மீன் அதிகம் ஊட்டும் ஆப்பிரிக்க நாடான மலாவியில் இதே மாதிரி ஆய்வு செய்தபோது அந்த அளவு பலன் தெரியவில்லை. எங்கள் வீட்டில் மீன் கிடையாது, முட்டைதான்.