அன்சார்ட்டட் 4 விளையாடுவதற்கு முன்னும் விளையாடும்போதும்

சினிமா பாணி சாகச கேம்களில் சுவாரசியம் எங்கே குறைகிறது என்று பார்த்தால், திரையில் ஓடும் வேகத்துக்குக் கையில் இருக்கும் கட்டுப்பாடு ஈடுகொடுக்காத இடத்தில்தான். நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கி 2016-ல் வெளிவந்த, புதையல் தேடும் கதையான அன்சார்ட்டட் 4-க்கும் இது பொருந்தும். அமைப்புகளைச் சரியாக வைத்து, நின்ற இடத்திலேயே நிற்காமல் ஆடினால் இந்த கேம் அப்படியே மாறிவிடும்.

முதலில் டிவி. அதில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள். அசைவை வழவழப்பாகக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். இரண்டையும் கவனிக்காவிட்டால் பட்டனை அழுத்திய பிறகு சற்றுத் தாமதித்தே கதாநாயகன் நேதன் குதிப்பான். விளிம்பில் தவறி விழும்போது பழி உங்கள் விரல்மேல் வரும், தவறு டிவியுடையது.

பிளேஸ்டேஷன் 5-ல் 2022-ல் வந்த பதிப்பு என்றால் பெர்ஃபார்மன்ஸ் மோடை எடுங்கள், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் (படச்சட்டம்). ஃபிடெலிட்டி மோடில் 4கே தெளிவு உண்டு, ஆனால் 30 ஃபிரேம்தான். கேமராவைச் சட்டென்று திருப்பிக் குறிவைக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கணினியில் ஆடுபவர்கள் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியில் நிறுவி, முதல்முறை ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) உருவாகி முடியும்வரை மெனுவிலேயே காத்திருங்கள். அவசரப்பட்டு உள்ளே போனால் படம் திக்கித் திக்கி ஓடும்.

கடினநிலைக்கு நடுத்தரமான மாடரேட் போதும். முதல் ஆட்டத்திலேயே மிகக் கடினமான கிரஷிங் எடுத்தால் ஒரே சுவருக்குப் பின்னால் ஒளிந்து தலையை நீட்டிச் சுடுவதே வேலையாகிவிடும். அந்தச் சுவரும் நிலைக்காது: சில மறைப்புகள் குண்டுபட்டு உடையும், கையெறி குண்டு வந்து விழும். கடினநிலையை நடுவிலும் மாற்றலாம், தயங்க வேண்டாம்.

சண்டையில்தான் இந்த கேமின் உயிர் இருக்கிறது. இடத்துக்குள் நுழைந்ததும் உயரமான புல்லில் பதுங்கி, பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் எல்2 பட்டனால் குறிவைத்தபடி எல்3-ஐ (இடது ஸ்டிக்கை) அழுத்தி எதிரிகளை அடையாளமிடுங்கள். தலைக்கு மேல் தெரியும் குறி வெள்ளையாக இருந்தால் லேசான சந்தேகம், மஞ்சளானால் தேடி வருகிறான், ஆரஞ்சானால் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டால் செக்பாயின்ட்டுக்கு (கடைசியாகச் சேமித்த இடத்துக்கு) திரும்பாதீர்கள். ஓடி அவன் பார்வையிலிருந்து மறைந்தால், கொஞ்ச நேரத்தில் தேடுதல் ஓய்ந்து மறுபடியும் பதுங்கி ஆட வழி கிடைக்கும். நிறைய பேர் கவனிக்காத அருமையான வசதி இது. கொக்கி மாட்ட இடம் தெரிந்தால் எல்1-ஆல் கயிற்றை வீசுங்கள். ஊஞ்சலாடியபடியே கைத்துப்பாக்கியால் சுடலாம், அப்படியே எதிரிமேல் பாய்ந்து அடிக்கவும் செய்யலாம். திரையில் வண்ணம் வடியத் தொடங்கினால் உயிர் குறைகிறது என்று அர்த்தம். இடம் மாறி மறைந்திருங்கள், அது தானே ஏறும்.

மடகாஸ்கரில் ஜீப் ஓட்டும் 10-ஆம் அத்தியாயத்தில் சேற்றுச் சரிவு பலரையும் திணறவைக்கும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் வழுக்கும். சேற்றுக்கு நடுவே பாறை தெரியும் தடத்தைப் பிடித்து ஏறுங்கள். அதற்கும் ஏறாத இடத்தில் ஜீப்பை இழுக்கும் வின்ச் கயிற்றை எடுத்துப்போய் மரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். வழியில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இறங்கிவிட்டால் கவலை வேண்டாம், திரும்பி ஏறியதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். வசனத்துக்காக வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, இடிபாடுகளைச் சுற்றிப் பாருங்கள்.

புதிரில் மாட்டிக்கொண்டால் உடனே வீடியோ தேடாதீர்கள். கொஞ்ச நேரம் திணறினாலே குறிப்பு வேண்டுமா என்று கேமே கேட்கும். அதற்குமுன் நேதனின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

மொத்தம் 109 புதையல்கள். முதல் ஆட்டத்தில் அவற்றைத் துரத்தினால் துரத்தல் காட்சிகளின் வேகமே போய்விடும். கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போங்கள். விட்டவற்றைக் கதை முடிந்தபின் அத்தியாயத் தேர்வில் போய் எடுக்கலாம். கிரஷிங்கையும் அப்போது எடுங்கள், எதிரிகள் நிற்கும் இடம் தெரிந்திருப்பதால் அதுவும் ரசிக்கும்படி இருக்கும்.