மலைக் காட்டுக் களிமண்: மரம் வைக்கும் முன் குழி வெட்டிப் பாருங்கள்

பர்மாவில் மேமியோ, கலோ, டவுன்ஜி என்று ஷான் மலைப் பக்கம் நிலம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர் உண்டா, ரோடு உண்டா என்றுதான். மண்ணைத் தோண்டிப் பார்ப்பவர் ரொம்பக் குறைவு. முன்பு காடாக இருந்த இடம், மண் சிவப்பாக இருக்கிறது, எது வைத்தாலும் வரும் என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். காப்பியோ வெண்ணெய்ப்பழமோ ஆரஞ்சோ, வைக்கப்போவது பல வருஷம் நிற்க வேண்டிய மரம். அதற்காக ஒரு நாள் ஒதுக்கிக் குழி வெட்டிப் பார்க்கலாம், தப்பே இல்லை.

கீழ்ப் பர்மாவில் பெகு, தாட்டோன், மோல்மீன் பக்கம் நெல் வயலோடு வளர்ந்த நமக்குக் களிமண் என்றால் ஒரே கணக்குதான்: மழையில் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், தண்ணீரைக் கீழே விடாது. மலைக் காட்டுக் களி அப்படி நடக்காது. மேல் மண்ணைக் கையில் அள்ளினால் புட்டு மாவு மாதிரி உதிரும், பெரிய மழை பெய்து முடிந்தாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரை உள்ளே வாங்கிவிடும். அதனால் பலர் இதைக் களி என்றே எண்ணுவதில்லை. வேறு சிலர் ஆளுயரத்துக்குச் சிவப்பு மண் இறங்குவதைப் பார்த்துவிட்டு அத்தனையும் சத்து என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டு நினைப்பும் தோட்டத்தைக் கெடுக்கும்.

குழி வெட்ட நல்ல காலம் மழை ஓய்ந்த பிறகு, தடிஞ்சூட் விளக்குத் திருவிழா முடிந்து நவம்பர் வாக்கில். மண்ணில் ஈரம் இருக்கும், ஆனால் ஒட்டாது. சரிவான நிலம் என்றால் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என்று மூன்று குழி வேண்டும், ஏனென்றால் ஒரே ஏக்கரிலேயே மேலே மெலிந்த மண்ணும் கீழே வழிந்து சேர்ந்த ஆழமான மண்ணும் இருக்கும். கறையான் புற்று, பழைய பாதை, மாடு கட்டிய இடம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். குறைந்தது 1 மீட்டர் ஆழம், முடிந்தால் ஒன்றரை மீட்டர். வெயில் விழும் பக்கச் சுவரை மண்வெட்டி வழித்து மெழுகியபடியே விட்டுவிடாதீர்கள், ஒரு கத்தி முனையால் மேலிருந்து கீழாக நெம்பி நெம்பி உடைத்து எடுங்கள். அப்போதுதான் மண் தன் இயல்பில் எங்கே பிரிகிறது என்று தெரியும்.

ஷான் பீடபூமியில் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அது மழைநீரில் கரைந்து கரைந்து பல்லும் பள்ளமுமாக இருக்கும், மேலே மண் மூடி எல்லாம் சமமாகத் தெரியும். இங்கே 2 மீட்டர் மண், ஐந்தடி தள்ளிப் போனால் முழங்கால் ஆழத்திலேயே பாறை, இப்படி அமைவது சகஜம். ஆகவே குழியோடு நிற்காமல் ஒரு நீளக் கம்பியை அங்கங்கே குத்திப் பார்த்து, எங்கே டங்கென்று முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பெரிய மரம் வேண்டாம்.

இப்போது குழிச் சுவரைப் பாருங்கள். மேலே இலைச் சருகு, அதன் கீழே கறுப்பாகவோ அடர் பழுப்பாகவோ ஒரு அடுக்கு. மலையின் குளிரில் சருகு மெதுவாக மக்குவதால் இந்தக் கறுப்பு அடுக்கு சமவெளியைவிடத் தடிமனாக இருக்கும், ஒரு சாண் இருந்தாலே நல்ல நிலம். உங்கள் சொத்து இதுதான். கீழே இருக்கும் சிவப்புக் களி பெரும்பாலும் நீண்ட காலம் மழையில் அலசப்பட்டது, சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்குக் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் கறுப்பு அடுக்கில் உள்ள மக்கிய சருகு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் பிடித்து வைக்கும். புல்டோசர் விட்டு மேலே ஒரு சாண் வழித்துச் சமப்படுத்திய நிலத்தை யாராவது காட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது திரும்பி வந்துவிடுங்கள்.

கறுப்புக்குக் கீழே நிறம் மெல்ல மாறி சிவப்பாகும். முழுச் சிவப்பு என்றால் காற்றும் தண்ணீரும் தாராளமாகப் போய்வரும் மண், இரும்பு துருப்பிடித்த நிறம் அது. மஞ்சள் கூடுதலாக இருந்தால் ஈரம் அதிகம் நிற்கும் இடமாக இருக்கலாம். சாம்பல் நிறத் திட்டுகள் கண்ணில் பட்டால் கவனம், வருஷத்தில் பல வாரம் அங்கே தண்ணீர் தேங்குகிறது, வெண்ணெய்ப்பழ வேர் அதில் அழுகிவிடும். அந்தத் திட்டு எத்தனை சென்டிமீட்டரில் தொடங்குகிறது என்று அளந்து எழுதிவையுங்கள்.

அடுத்து கை சோதனை. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கல், வேர் நீக்கித் துளித் துளியாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். இதில் பலரும் அவசரப்படுகிறார்கள். சிவப்பு மலை மண்ணில் இரும்பு ஆக்சைடு களித் துகள்களைச் சின்னச் சின்ன மணிகளாக ஒட்டி வைத்திருப்பதால் முதலில் நெறுநெறுவென்று மணல் போலவே இருக்கும். சில நிமிஷம் விடாமல் பிசைந்தால் அந்த மணிகள் உடையும், நெறுநெறுப்பு போய் வழவழப்பு வரும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்கும். அப்புறம் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் களி குறைவு, 5 சென்டிமீட்டரைத் தாண்டியும் தொங்கினால் நல்ல களி. 0.002 மில்லிமீட்டரைவிடச் சின்னத் துகள்கள் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் இருந்தால் பொதுவாக அதைக் களிமண் என்று வகைப்படுத்துவார்கள். கறுப்பு அடுக்கில் ஒரு தடவை, அரை மீட்டரில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை என்று செய்து பாருங்கள். கீழே போகப் போக நாடா நீளும், மழை களியைக் கீழே இறக்கியிருப்பதால் அப்படி.

நடு ஆழத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கையால் மெல்லப் பிளந்து பாருங்கள். கோணல் கோணலான சிறு துண்டுகளாக உடைந்து, உடைந்த முகம் வெயிலில் லேசாக மினுங்கினால், நடுவே மெல்லிய வேர்களும் ஊசித் துளைகளும் தெரிந்தால், அது அருமையான மண். பிளக்கவே மறுத்து ஒரே பாளமாக இருந்தால் வேருக்கு வழி இல்லை. நன்றாகக் காய்ந்த சிறு கட்டி ஒன்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு அசைக்காமல் விட்டுவிடுங்கள். உதிர்ந்து அடியில் உட்கார்ந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் தண்ணீர் கலங்கினால் அந்தக் களி மழையில் கரைந்தோடும் ஜாதி, அங்கே சரிவில் மண்ணைத் திறந்து போடவே கூடாது.

தண்ணீர் இறங்கும் வேகத்தையும் பார்த்துவிடுங்கள். முக்கால் முழ ஆழத்தில் தனியாக ஒரு சின்னக் குழி, நிரம்பத் தண்ணீர் ஊற்றி வற்றவிட்டு மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியால் அளக்கவும். 2.5 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அங்கே வெண்ணெய்ப்பழம் வேண்டாம்.

அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதால் மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாறை கரைந்து சுண்ணாம்பு தண்ணீரோடு போய்விட்டது, மிஞ்சிய களிதான் இந்தச் சிவப்பு, அது புளிப்பாகவே இருக்கலாம். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே போனால் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், பாஸ்பேட் உரத்தையும் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொண்டு செடிக்குத் தராது. இதற்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ போடலாம், ஆனால் சோதனை செய்து அளவு தெரிந்த பிறகுதான். கண்மூடித்தனமாகக் கொட்டினால் துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும். பாஸ்பேட்டை நிலம் முழுக்க விசிறுவது காசைச் சிவப்பு மண்ணுக்குத் தின்னக் கொடுப்பதுதான். மாட்டுச் சாணத்தோடு கலந்து வேருக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வையுங்கள்.

நடும்போது ஈரத்தைக் கவனியுங்கள். மண்ணை உள்ளங்கையில் உருட்டினால் 3 மில்லிமீட்டர் திரியாக ஒடியாமல் வருகிறதா? அப்படியானால் அன்றைக்கு மண்வெட்டி வேண்டாம், டிராக்டர் சுத்தமாக வேண்டாம், மிதித்த இடம் இறுகிப்போய்ப் பல வருஷம் திறக்காது. நடவுக் குழியின் சுவர் மழுமழுவென்று இருந்தால் கம்பியால் கீறிவிட வேண்டும். குழியை முழுக்க எருவால் நிரப்புகிறவர்கள் உண்டு, நல்ல எண்ணம்தான், ஆனால் சுற்றிலும் களி இருக்க நடுவில் மட்டும் பொலபொலப்பாக இருந்தால் மழைத் தண்ணீர் அங்கே வந்து நிற்கும், வேரும் வெளியே போகாமல் அதற்குள்ளேயே சுற்றும். வெட்டிய மேல் மண்ணையே முக்கால் பங்கு போட்டு, கால் பங்கு மக்கிய எரு சேர்த்தால் போதும்.

தீ வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். சாம்பல் ஒன்றிரண்டு வருஷம் பச்சை காட்டும், பிறகு அந்தக் கறுப்பு அடுக்கு கண்ணெதிரே மெலியும். மலைக்காரர்களின் டவுங்யா முறையில் இரண்டு மூன்று போகம் எடுத்துவிட்டு நிலத்தைப் பல வருஷம் காட்டிடமே விட்டுவிடுவார்கள். 1856இல் பெகு காடுகளின் பொறுப்பை ஏற்ற டீட்ரிக் பிராண்டிஸ், கரென் மக்கள் அப்படித் திறந்த நிலங்களில் பயிரோடு தேக்கையும் நடவைத்தார், மண் மறுபடி மரத்தின் கீழ் போய்விட்டது. நாமோ நிலையாகத் தோட்டம் போடுகிறோம், விட்டுவிட்டுப் போக வழியில்லை. அதனால் வெட்டிய செடிகொடியை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், பெரிய மரங்களில் சிலவற்றை நிழலுக்கு நிறுத்துங்கள், காப்பிக்கு அது எப்படியும் வேண்டும்.

கடைசியாகச் சரிவு, இதில்தான் உயிரே இருக்கிறது. ஆழமான களியைச் செங்குத்தாக வெட்டினால் பிப்ரவரியில் சுவர் மாதிரி நிற்கும், ஜூலை மழையில் தண்ணீர் குடித்துக் கனம் ஏறி மொத்தமாக இறங்கும். அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், சரிவுக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பு, மழைக்காலத்தில் மட்டும் ஊற்றெடுக்கும் இடம் இவை தெரிந்தால் அதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள். இதையெல்லாம் அக்கம்பக்கத்தில் வாழும் தனு, பாவோ இனப் பெரியவர்களிடம் கேட்டால் விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள். வரப்பைச் சமமட்டக் கோட்டில் போட்டு அதன்மேல் வெட்டிவேர் நடுங்கள், வேர் ஆழமாக நேரே இறங்கி மண்ணைப் பிடிக்கும். கூரைத் தண்ணீரையும் ரோட்டுத் தண்ணீரையும் வெட்டிய கரையின் மேல் விழாமல் புல் மூடிய ஓடைக்குத் திருப்பிவிடுங்கள். சோதனைக் குழிகளை மூடும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில், மாற்றிப் போட்டால் அந்த இடத்தில் ரொம்ப நாள் ஒன்றும் முளைக்காது.