எரியும் கேஸும் பழைய ஏசியும்: வடசென்னை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏசியில கேஸ் இல்ல, அடிக்கணும்" என்று மெக்கானிக் சொன்னால், விலை பேசுவதற்கு முன் எந்த கேஸ் என்று கேளுங்கள். ஆர்-22, ஆர்-410ஏ இரண்டும் சாதாரணமாக எரியாது. ஆர்-32 லேசாக எரியும். ஆர்-290 என்பது புரொபேன், புது ஃப்ரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ ஐசோபியூட்டேன். இவை இரண்டும் சமையல் சிலிண்டரில் இருப்பதற்குச் சொந்தக்காரர்கள், நன்றாகவே எரியும்.

அதற்காக இந்த கேஸ்களைக் கெட்டவை என்று ஒதுக்க முடியாது. ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்குவதும் மிகக் குறைவு, குளிர்விப்பதில் கெட்டி. ஆனால் இவற்றுக்கென்றே செய்த மெஷினில் கேஸின் அளவு சிறியது. பொறி பறக்கும் சுவிட்ச், ரிலே எதுவும் கேஸ் தேங்கும் வழியில் இருக்காது. வீட்டு ஃப்ரிட்ஜுக்குச் சர்வதேச விதி வைத்த உச்சவரம்பு 150 கிராம். பெரும்பாலானவற்றில் அதில் பாதிகூட இருக்காது.

ஆர்-22க்காகச் செய்த பழைய ஏசியில் புரொபேனை அடிப்பதுதான் பெரிய தவறு. ஓசோனைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஆர்-22ஐ இந்தியா 2030க்குள் ஏறக்குறைய முழுதாகக் கைவிட வேண்டும், அதனால் விலை ஏறுகிறது. புரொபேனோ பாதி எடைக்கும் குறைவாகவே போதும். சிலர் இன்னும் துணிந்து வீட்டு சிலிண்டரிலிருந்தே ஹோஸ் போட்டு ஏற்றுகிறார்கள். அது சட்டப்படியும் குற்றம். அடித்த அன்று கூலிங் பிரமாதமாக இருக்கும், வம்பே அங்கேதான். வீட்டுக்காரர் பாராட்டுவார், பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஆளைக் கூப்பிடுவார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 38 கிராம் புரொபேன் கலந்தாலே பற்றும். பத்துக்குப் பத்து அறை என்றால் ஏறக்குறைய 27 கன மீட்டர். ஏசியிலிருந்து கசிந்த 300 கிராம் அறை முழுக்கச் சீராகப் பரவினால் ஆபத்தில்லை. ஆனால் புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கீழே இறங்கித் தேங்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் தங்கினால் பற்றும் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிடும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை ஒற்றை அறை வீடுகளில் அந்த ஓர் அடிக்குள்தான் கொசுவர்த்தி, சாமி விளக்கு, பாயில் படுத்த பிள்ளைகள் எல்லாம்.

"கசிஞ்சா நாத்தம் வருமே" என்பார்கள். அதை நம்ப முடியாது. சமையல் கேஸில் நாற்றத்துக்காகவே ஒரு வேதிப்பொருள் சேர்க்கிறார்கள், குளிர்பதன கேஸில் பொதுவாக அது கிடையாது. காசிமேட்டுப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா துளி கசிந்தாலும் தெருவே மூக்கைப் பொத்தும். புரொபேன் சத்தமில்லாமல் இருக்கும். நியூசிலாந்தில் தமஹேரே என்ற ஊரில் 2008 ஏப்ரலில் ஒரு குளிர்பதனக் கிடங்கு வெடித்தது. உள்ளே புரொபேன் கலந்த கேஸ் சுமார் 400 கிலோ, அதில் நாற்றமும் இல்லை, கசிவைக் காட்டும் கருவியும் இல்லை. என்னவென்று பார்க்கப் போன தீயணைப்பு வீரர்களில் ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தார்கள்.

கசிவைத் தேடாமல் வருஷா வருஷம் டாப்அப் செய்வதும் நம் பக்கம் அதிகம். திருவொற்றியூர், எண்ணூர் உப்புக் காற்றில் ஏசியின் காயில், அதாவது சுருள் குழாய், சீக்கிரம் அரித்துப்போகும். போன கோடையில் போட்ட கேஸ் எங்கே போனது? ஒரு பங்காவது உங்கள் அறைக்குள்தான். சோப்பு நுரை போட்டு ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே புது கேஸ். லைட்டர் கொளுத்திக் காட்டிக் கசிவு தேடும் ஆளை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் வீட்டார் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஃப்ரீசரில் கட்டிய ஐஸைக் கத்தியால் சுரண்டுவது. ஓட்டை விழுந்தால் கேஸ் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நிறையும். 200 லிட்டர் இடத்தில் 10 கிராம் ஐசோபியூட்டேன் இருந்தாலே பற்றும். குளிரைக் கட்டுப்படுத்த கம்பெனி போட்ட தெர்மோஸ்டாட்டில் பொறி வெளியே வராதபடி செய்திருப்பார்கள். அது கெட்டதும் மலிவான ஒன்றை மாட்டினால் அந்தக் காவல் போச்சு. டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருங்கள், மீன் குழம்பு ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகாது.

மெக்கானிக் அண்ணன்மாருக்கு: ஆர்-22 காலத்துப் பழக்கத்தில், குழாயில் கேஸ் மிச்சம் இருக்கும்போதே தீ கக்கும் டார்ச்சைப் பிடிக்காதீர்கள். கேஸைத் திறந்த வெளிக்கு ஹோஸ் வழியே எடுத்து, நைட்ரஜன் விட்டுக் கழுவி, குழாயைக் கட்டரால் வெட்டுங்கள், பிறகு பிரேசிங் (பற்றவைப்பு). மாடிப்படிக்கடியிலும் சாக்கடை ஓரத்திலும் கேஸைத் திறந்துவிடாதீர்கள், பள்ளம் தேடி இறங்கும். கையில் இருக்கிறதே என்று ஆக்சிஜனால் பிரஷர் டெஸ்ட் செய்வது எந்த மெஷினிலும் கூடாது, கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்-32ஐ "எரியாத கேஸ்" என்று சொல்லி விற்காதீர்கள். அது எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும், நுரையீரலையே அரிக்கும் விஷம்.

கசிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் அடுப்பையும் சாமி விளக்கையும் அணையுங்கள். அறைக்குள் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ஃபேனைக்கூட. கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியே வந்து, மெயின் வெளியில் இருந்தால் அதை அங்கிருந்தே அணையுங்கள். தீயணைப்புக்கு 101.

ஏற்கெனவே யாரோ கேஸ் மாற்றி அடித்த ஏசிகளும் செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ்களும் என்னைக் கேட்டால் இன்னும் கவலை தருபவை. பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒரு கேஸ், உள்ளே வேறு கேஸ். அடுத்து வரும் மெக்கானிக் ஸ்டிக்கரை நம்பித்தான் டார்ச்சைப் பற்றவைப்பார். வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை ரசீதில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் கேஸின் பெயர், கிராம், தேதி மூன்றையும் மார்க்கரால் மெஷின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சிலிண்டர் மேல் என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால்.