வீட்டுல ஆக்சிஜன் மெஷின் ஓடுதா? மழைக்கு முன்னாடியே இத பாத்து வைங்க

2017 நவம்பர் கடைசில ஓகி புயல் அடிச்சப்போ ரப்பரும் தென்னையும் லைன் மேல சாஞ்சு போஸ்ட்டெல்லாம் விழுந்து கெடந்தது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல யாருக்கும் மறக்காது, பல ஊருக்கு கரண்ட் வர நாள் கணக்குல ஆச்சு. அதனால கான்சன்ட்ரேட்டர் (காத்துல இருந்து ஆக்சிஜன பிரிச்சு குடுக்குற மெஷின்) வச்சிருக்கவங்க "இன்வெர்ட்டர் இருக்குல்லா"ன்னு சும்மா இருந்துராதீங்க.

கணக்கு போட்டு பாருங்க. 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும் (உங்க மெஷினுக்கு எவ்வளவுன்னு பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கும்), 150 ஏஎச் பேட்டரி ஒண்ணு பேப்பர்ல 1800 வாட் அவர், நஷ்டம் போக 1200 கிடைச்சா பெரிசு, அப்போ மூணு மணி நேரம் சொச்சம்தான், அதுவும் ஃபேன் போடாம. பழைய பேட்டரின்னா அதுவும் கெடையாது. இன்வெர்ட்டர் சைன் வேவ்தானான்னும் (ஈபி கரண்ட் மாதிரியே சீரா குடுக்குற வகை) பாத்துக்கோங்க.

ராத்திரிய ஓட்டுறது சிலிண்டர்தான். பி டைப்னு சொல்ற சைஸ் சிலிண்டர்ல சுமார் 1500 லிட்டர் இருக்கும், நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா 12 மணி நேரம். கரண்ட் எப்போ வரும்னு தெரியாதுல்லா, சிலிண்டர் தீருமேன்னு டாக்டர் சொன்ன அளவ நீங்களா குறைக்காதீங்க. ரெகுலேட்டர் மாட்டுற சாவிய சிலிண்டர் கழுத்துலயே கயிறு போட்டு கட்டிருங்க, இருட்டுல டார்ச் அடிச்சு மொதல்ல தேடுறது அதத்தான். பகல்லயே வீட்டுல ரெண்டு பேராவது மாட்டி பழகணும். தேங்காண்ணெய் கையோட வால்வ தொடாதீங்க, ஆக்சிஜனும் எண்ணெயும் சேந்தா தீப்பிடிக்கும். பிரேயர் மெழுகுதிரி, குத்துவிளக்கு எதுவும் அந்த ரூம்ல வேண்டாம்.

பைபாப் (மாஸ்க் வழியா மூச்சுக்கு காத்து தள்ளுற மெஷின்) பேட்டரில ஓடுறப்போ, டாக்டர்ட்ட கேட்டுட்டு ஹியூமிடிஃபையர் (காத்த ஈரமாக்குற பாகம்) சூட்ட ஆஃப் பண்ணுங்க, ரொம்ப நேரம் தாங்கும். வென்டிலேட்டர்னா ஆம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு குடுக்குற பை) கட்டில் பக்கத்துலயே இருக்கணும், அமுக்குறத நர்ஸ்ட்ட படிச்சுக்கோங்க. ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளிய முற்றத்துல, ஜன்னலுக்கு தள்ளி வைங்க, புகையில இருக்க கார்பன் மோனாக்சைடு வாயு உள்ள வந்தா வாசனையே இல்லாம ஆள கொல்லும்.

இப்படி ஒரு நோயாளி இருக்காங்கன்னு ஈபி செக்‌ஷன் ஆபீஸ்ல முன்னாடியே எழுதி குடுங்க, உடனே வந்துருவாங்கன்னு நம்பி இருக்க வேண்டாம். மின்னகம் (ஈபி புகார் நம்பர்) 94987 94987, கலெக்டர் ஆபீஸ் கன்ட்ரோல் ரூம் 1077, ஆம்புலன்ஸ் 108, சிலிண்டர் கடைக்காரர் நம்பர், எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க, போன் சார்ஜ் தீந்துரும்.

பேச்சிப்பாற, கடையாலு பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடுன்னா புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே கெளம்பிருங்க. ரோட்டுல மரம் விழுந்துட்டா 108-ம் உள்ள வர முடியாது. நாகர்கோவில்ல சொந்தக்காரங்க வீடு இருந்தா நல்லது, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும் பக்கம்.