செட்டிநாட்டில் உங்கள் ஊர் வரலாற்றை எழுதுவது எப்படி? கண்மாயில் தொடங்குங்கள்

செட்டிநாட்டில் ஊர் வரலாறு எழுத உட்காருபவர்கள் முகப்பையும் வளவு என்னும் உள்முற்றத்தையும் பர்மாத் தேக்குத் தூணையும் படம் பிடித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். வீடு அப்புறம். வருஷம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத வானம் பார்த்த பூமி இது, அதனால் தண்ணீர் எங்கே நின்றதோ அங்கேதான் ஊர் நின்றது.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் கிளம்புங்கள். கண்மாய்க்கு, அதாவது ஏரிக்கு, வரும் வரத்துக்காலைப் பிடித்து மேலே நடங்கள், பிறகு கலுங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியாக வெளியேறும் தண்ணீர் எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது என்று பாருங்கள். பொதுவாக நிலம் கிழக்கும் தென்கிழக்குமாகக் கடலைப் பார்த்துச் சரிகிறது, கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் இருக்கும். குடிக்க எந்த ஊருணி, குளிக்க எது, யாரை எதில் இறங்க விடவில்லை என்பதையும் கேட்டு எழுதுங்கள்; கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபத்தில் வராது, விடாதீர்கள்.

சரி, இனி காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் நிலங்களைப் புல எண்வாரியாகப் பதிந்த அ-பதிவேடும் பாருங்கள், இன்று வீட்டுமனையாகிவிட்ட கண்மாய்ப் புறம்போக்குகூட அதில் தெரியலாம். பழைய ஆவணம் தேடும்போது மாவட்டத்தின் பெயரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காரைக்குடிப் பக்கத்து ஊர் என்றால் 1910-க்கு முன் மதுரை, அதிலிருந்து 1985 வரை ராமநாதபுரம், அதற்கப்புறம்தான் சிவகங்கை. ராயவரம், ராங்கியம் பக்கம் என்றால் கதையே வேறு. அது 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், ஆகவே ஆங்கிலேயர் மாவட்டப் பதிவுகளில் தேடிப் பயனில்லை. ஆனால் சமஸ்தானமே தன் கல்வெட்டுகளைத் தொகுத்து 1929-இல் அச்சிட்டிருக்கிறது, அது பெரிய வரம்.

வீட்டுப் பெட்டகத்தில் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஏடு, மொய்ப்பண ஏடு, பேரேடு என்னும் கணக்குப் புத்தகம் இருந்தால் கெஞ்சியாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டை மட்டும் கவனமாகப் படியுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் தமிழ் ஆண்டுப் பெயர் 'விரோதி' என்று மட்டும் இருந்தால் அது 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். ரங்கூன் கடைக் கணக்கு பரபரப்பாக நடப்பதாக எழுதியிருந்தால் முந்தையது என்று கொள்ளலாம், ஏனென்றால் 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு பெரும்பாலானோர் திரும்பிவிட்டார்கள்.

கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டுக்கு வணிகம் செய்ய, போனவர் கதை மட்டும் ஊர்க்கதை ஆகாது. சுண்ணாம்பு அரைத்தவர், மடை திறந்தவர், அய்யனாருக்கு மண் குதிரை (புரவி) செய்யும் குயவர்களான வேளார் வீடு, இவர்களிடம் ஏடு இருக்காது. ஆகவே அவர்களிடம் முதலில் போய்ப் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள், காகிதத்தை அடுத்த மாதம்கூடப் பார்க்கலாம்.